தோற்றவர்தான் எழுத வேண்டும்

ஜூன் 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை போன் மகள் மிளகோடு பேச மட்டும்தான். உனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் எழுது. நானும் எழுதுகிறேன்.

என் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்ய நீ யார்? தாய்மாமன். சரி. தாய்மாமன் தோளில் ஏற்றிக்கொள்ளலாம், செல்லம் கொடுத்துக் கெடுக்கலாம். பெற்றவளைக் கேட்காமல் பள்ளிக்கூடம் மாற்றலாமா? அதுவும் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? "உன் பொண்ணு யூனிபார்ம் இல்லாம போறா, வகுப்பைக் கூட்டுறாளாமே, என்ன விஷயம்?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது?

இங்கே என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். யார் யாரோ ரத்தமும் சீழும் வைத்த விரிப்புகளைப் பிரித்து இயந்திரத்தில் திணிக்கிறேன். குளித்த பிறகும் நாற்றம் மூக்கிலேயே நிற்கிறது. அவள் அப்பா செத்த பிறகு கடல் தாண்டி வந்து இதைச் செய்வது எதற்கு? அவள் கையில் துடைப்பம் ஏறக் கூடாது என்பதற்குத்தான். நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய்.

பழைய பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டேன். இந்தப் பருவம் முடியும் வரை அவள் இடத்தை வைத்திருப்பார்களாம். அதற்குள் திரும்பச் சேர்த்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. லிஃப்ட் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது மேலே ஆள் நிறுத்திவிட்டு இறங்கு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் இதையும் எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

கேட்காமல் செய்தது உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். மிளகு குளியலறையில் தன் பாவாடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "தண்ணி சிந்திடுச்சு மாமா" என்றாள். தண்ணீர் சிந்தியதற்கு யாராவது சோப்புப் போடுவார்களா? துருவித் துருவிக் கேட்ட பிறகு வந்தது. வகுப்பில் அவசரமாக வந்திருக்கிறது. கை தூக்கியிருக்கிறாள். "கையை இறக்கு" என்றிருக்கிறார்கள். இறக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது எது தெரியுமா? அவள் அழவில்லை. யாரையும் திட்டவில்லை. "என் தப்புதான் மாமா. காலையில அவ்வளவு தண்ணி குடிச்சிருக்கக் கூடாது" என்றாள். பத்து வயது. மிளகு என்று பேர் வைத்தவள் நீ. மூன்று வயதில் விருந்தாளியிடமே "எப்போ போவீங்க?" என்று கேட்டவள். அவளை நாலு வருடத்தில் இப்படிச் சப்பென்று ஆக்கிவிட்டார்கள். நீ அதை நல்ல பள்ளிக்கூடம் என்கிறாய்.

எனக்கு அது நன்றாகப் பழகிய இடமாகத்தான் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் கட்டடங்களிலும் அதேதான். கண்ணாடி லிஃப்டைப் பழுது பார், ஆனால் அதில் ஏறாதே. சரக்கோடு சரக்காகப் போ. கேள்வி கேட்காதே. இப்படிக் கட்டடங்கள் நடக்க வேண்டுமானால் அப்படிப் பள்ளிக்கூடங்கள் வேண்டும்தானே. எட்டு வயதில் கையை இறக்கப் பழகினால் இருபத்தெட்டில் தூக்கவே தோன்றாது.

புதிய பள்ளிக்கூடம் ஒரு பழைய பிஸ்கட் கிடங்கு. தகரக் கூரை. மழை பிடித்தால் பாடம் நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். வட்டம் என்றுதான் அதற்குப் பெயரும். அந்த வார வம்பு வழக்கு எல்லாம் அங்கே வரும். நான் முதல் நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு பந்து, பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குத் தருவதில்லை என்று வழக்கு. நடத்தியது முன்பல் விழுந்த ஒரு வாண்டு. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "டீச்சர், உங்களுக்கு முன்னாடி நாலு பேர் கை தூக்கியிருக்காங்க. இருங்க" என்றது வாண்டு. டீச்சர் இருந்தார். அக்கா, நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் வாழ்க்கையில் எந்த மேலதிகாரியையும் "இருங்க" என்று சொன்னதில்லை.

ஓட்டெடுப்பில் சின்னவர்கள் ஜெயித்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பந்து அவர்களுக்கு. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. போட்ட சட்டத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதைத் தோற்ற பக்கத்து ஆள்தான் எழுத வேண்டும். எழுதியதில் பொய் இருந்தால் மட்டும் மற்றவர்கள் திருத்தச் சொல்லலாம். ஏன் இப்படி என்று டீச்சரைக் கேட்டேன். "ஜெயிச்சவங்க எழுதினா குத்திக் காட்டி எழுதுவாங்க. தோத்தவங்க எழுதினா, தாங்களும் அதுக்குக் கீழ இருக்கணுமேன்னு யோசிச்சு எழுதுவாங்க" என்றார்.

கூட்டுவது எல்லாரும்தான், முறை வைத்து. டீச்சரும் கூட்டுகிறார். தான் போட்ட குப்பையைத் தானே எடுப்பதில் என்ன கேவலம்?

குழிக்குள் ஆள் நிறுத்தித்தான் இறங்குகிறேன்.

தம்பி

*

ஜூன் 26

தம்பிக்கு,

பாவாடை விஷயத்தைப் படித்துவிட்டு வேலையில் இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தினேன். அதை ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க வந்தேன். அவளே என்னிடம் சொல்லவில்லையே, உன்னை என்ன கேட்பது.

ஆனால் அந்த ஒரு டீச்சரைப் போய்த் திட்டியிருக்கலாம். பள்ளிக்கூடத்தையே மாற்ற வேண்டுமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஆள் நீ.

உன் வட்டம், ஓட்டு, பல் விழுந்த நீதிபதி எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஓட்டுப் போட்டால் டீச்சர் கைகட்டிக்கொண்டு இருப்பாரா? வாய்ப்பாடு எதுவரை தெரியும் அவளுக்கு? கேட்டு எழுது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் இங்கே பார்ப்பது வேறு. எங்கள் சூப்பர்வைசரம்மாவிடம் வாய் கொடுத்தவள் ஒருத்தி இருந்தாள். நல்ல வேலைக்காரி. கொதிகலன் பக்கத்து இஸ்திரி மேசைக்கு மாற்றினார்கள். அங்கே நின்றால் கை வெந்துபோகும். அந்த மாதமே ஊர் போய்ச் சேர்ந்தாள். வாயை மூடிக்கொண்ட நாங்கள் இருக்கிறோம், சம்பளம் வாங்குகிறோம். அந்தச் சம்பளத்தில்தான் மிளகு சாப்பிடுகிறாள். உன் பள்ளிக்கூடம் அவளுக்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும். திறந்த வாய்க்கு வேலை கொடுக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று அந்த டீச்சரிடம் கேட்டாயா?

பருவம் முடிய நாள் இருக்கிறது. யோசி.

அக்கா

*

ஜூலை 5

அக்கா,

வாய்ப்பாடு பதினாறு வரை தெரியும். அது பழைய பள்ளிக்கூடத்து உபயம். புதியதில் எழுத்துப் பிழை திருத்துவதில் கொஞ்சம் மெத்தனம்தான். வீட்டில் நான் உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். கணக்குக்கு ஓட்டுக் கிடையாது. உயிர், உடம்பு சம்பந்தப்பட்டதற்கும் கிடையாது. கூரையில் ஏறலாமா என்று ஒருவன் வட்டத்தில் கேட்டானாம். "அதுக்கு ஓட்டு இல்ல, இறங்கு" என்றாராம் டீச்சர். ஏற்கெனவே பாதி ஏறியிருந்தானாம்.

திறந்த வாய்க்கு வேலை எங்கே என்று கேட்டாய். எங்கேயும் இல்லை. அப்படியொரு இடத்தை யாராவது உண்டாக்கத்தான் வேண்டும். வாயை மூடிக்கொண்டவர்கள் இதுவரை உண்டாக்கவில்லையே.

சரி, இதைக் கேள். நேற்று உன் மகள் ஒரு சட்டம் கொண்டுவந்து ஜெயித்துவிட்டாள்! வட்டத்தில் இரண்டு மாதமாக வாயே திறக்காதவள். காலையில் மணி அடித்த பிறகும் சிலர் வந்துகொண்டே இருக்கிறார்கள், கதவு கிறீச்சிடுகிறது, வாசிப்பு கெடுகிறது. அதனால் மணி அடித்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் முதல் வகுப்பு முடியும் வரை வராந்தாவில் இருக்க வேண்டும். இதுதான் சட்டம். எழுந்து நின்று பேசினாளாம். அலாரம் என்று ஒரு பையன், எல்லாருக்கும் முந்தி வந்து நிற்பவன், அவனே எழுந்து ஆதரித்தானாம். கையெல்லாம் இவள் பக்கம். எதிர்த்தது ஐந்தாறு பேர். அதில் நெட்டை என்கிற பெண்தான் எழுதி ஒட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தரையில் கால் இல்லை. நீ கேட்ட ஒழுங்கும் கட்டுப்பாடும் இதோ, அவளே போட்டது. இப்போதாவது சந்தோஷமா?

தம்பி

*

ஜூலை 14

தம்பிக்கு,

கதவைச் சாத்தினாளா?

எங்கள் இடத்தில் ஒரு கதவு இருக்கிறது. ஷிப்ட் மணி அடித்ததும் பூட்டுவார்கள். விடுதியிலிருந்து எங்களைக் கொண்டுவருவது கம்பெனி பஸ். பஸ் தாமதமானால் அது எங்கள் குற்றம் இல்லை. ஆனால் கதவு பூட்டியிருக்கும். பாதி ஷிப்ட் போச்சு. வெயிலோ மழையோ, வெளியே நிற்க வேண்டும். உள்ளே நேரத்துக்கு வந்தவர்கள் எங்களைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவர்களுக்கும் சங்கடம். நானும் உள்ளே இருக்கும் நாளில் வெளியே பார்த்ததில்லை.

கதவைச் சாத்த எங்கள் சூப்பர்வைசரம்மாவுக்கே தெரியுமே. அதற்கு ஓட்டு எதற்கு? வட்டம் எதற்கு? இந்தச் சட்டம் போடத்தானா என் மகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாய்? இதைப் பழைய பள்ளிக்கூடத்திலேயே கற்றிருப்பாளே.

அந்த நெட்டை ஏன் தாமதமாக வருகிறாள்? கேட்டாயா? நீ கேட்கவில்லை. சந்தோஷமா என்று என்னைக் கேட்கிறாய்.

அக்கா

*

ஜூலை 22

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தது சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உன் கடிதம் வருவதற்குள் இங்கே வேறு என்னென்னவோ நடந்துவிட்டது.

திங்கட்கிழமை நெட்டை சட்டத்தை எழுதி ஒட்டினாள். நான் போய்ப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்:

"மணி அடித்த பிறகு வருகிறவர்கள் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். ஏன் தாமதம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை."

அலாரம் எகிறியிருக்கிறான். "இதை நாம சொல்லவே இல்லையே! கடைசி ரெண்டு வரியை எடு!" டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: "அது பொய்யா?" பொய் இல்லை. அதனால் சுவரில் அப்படியே இருக்கிறது.

மிளகு அன்றைக்குத்தான் போய்க் கேட்டிருக்கிறாள். நெட்டைக்கு ஒரு தங்கை, ஒரு கைக்குழந்தைத் தம்பி. அம்மாவுக்கு ஆபீஸ்களைச் சுத்தம் செய்கிற ராத்திரி வேலை. அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் வரை பெண்கள் இரண்டு பேரும் கிளம்ப முடியாது. வீட்டுக்கு வந்து மிளகு சாப்பிடவில்லை. "மாமா, நான்தானே சாத்தினேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சட்டத்தை எடுத்துவிடலாம் என்று அவளே கேட்டாள். தோற்றுப்போனாள். நீ நினைக்கிற மாதிரி கெட்ட மனசில் யாரும் எதிர்க்கவில்லை. அலாரம் ஒன்று கேட்டான்: "போன வாரம் போட்ட சட்டத்தை இந்த வாரம் எடுத்தா, அடுத்த வாரம் போடுறதை எவன் மதிப்பான்?" நல்ல கேள்விதான். கைகள் அவன் பக்கம் போய்விட்டன.

நான் சும்மா இருப்பேனா? திங்கட்கிழமை வேலை உடுப்போடே போய் டீச்சரைப் பிடித்தேன். "சின்னப் பிள்ளைகள் தப்பா முடிவெடுக்குது, பெரியவங்கன்னு நீங்க எதுக்கு இருக்கீங்க? ஒரு வார்த்தையில மாத்தியிருக்கலாமே?" கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தவில்லை. "மாத்தியிருக்கலாம். அப்புறம் இதுங்க என் முகத்தைப் பார்த்துக் கை தூக்கும். நானும் எதிர்த்துத்தான் போட்டேன். எனக்கும் ஒரு ஓட்டுதான். தோத்தேன்" என்றார்.

"அதுவரைக்கும் அந்த ரெண்டு பிள்ளைகளும் வெளியே நிக்கணுமா?"

"நிக்கலை. பாய் போட்டு உட்கார வெச்சிருக்கேன். அந்த நேரம் நானும் அங்கதான் உட்கார்ந்து பாடம் சொல்றேன். உள்ள பெரிய பிள்ளைங்க வாசிப்பை நடத்துது. ஆனா பாய் போட்டுட்டா அது வெளியே இல்லைன்னு ஆயிடுமா? வலிக்குது. வலிக்கட்டும்."

திரும்பி வரும்போது மிளகு சொன்னாள்: "நீங்க கத்தினதுல ஒரு ஓட்டுகூட விழல மாமா."

அக்கா, எனக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. கூட்டம் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளை வெளியே வைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதை ஓட்டுப் போட்டுச் செய்தால் நியாயமாகிவிடுமா? "நாளையிலிருந்து போக வேண்டாம், பழைய இடம் இன்னும் இருக்கிறது" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நின்றாள். "எங்கே?" என்றேன். "அடுத்த வெள்ளிக்கிழமையும் வட்டம் இருக்கு மாமா" என்றாள்.

தோற்றவள் என்பதால் அவளே எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. இப்படி எழுதியிருக்கிறாள்: "கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கும். இதைக் கொண்டுவந்தது நான். வேண்டாம் என்பதும் நான். மறுபடியும் கேட்பேன்."

நீ சொல். கூட்டி வந்துவிடட்டுமா?

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

கூட்டி வராதே. இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். பருவம் முடியட்டும்.

நெட்டை எழுதிய அந்த மூன்று வரியையும் என்னோடு வேலை செய்கிறவளிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி. "இதுவரை யாரும் கேட்கவில்லை" என்ற இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது, "அந்தப் பொண்ணு எவ்வளவு நெட்டை?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

நெட்டை உள்ளே போனாளா என்று எழுது. இவளும் தினமும் கேட்கிறாள்.

நீ டீச்சரிடம் கத்தியது தப்பு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது தப்பில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அக்கா,

நெட்டை உள்ளே போய்விட்டாள். உன் பஸ்காரியிடம் சொல். உயரம், என் தோளுக்கு வருவாள்.

லேசில் நடக்கவில்லை. முதலில் மிளகு ஒரு கூத்துச் செய்தாள். நேரத்தோடு போய், வேண்டுமென்றே வராந்தாவில் அந்த இரண்டு பேரோடு உட்கார்ந்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நெட்டை என்ன சொன்னாள் தெரியுமா? "நீ இங்க உட்கார்ந்தா எனக்கு என்ன லாபம்? உள்ள போய் யார்கிட்டயாவது பேசு." எனக்கு யாராவது ஐந்து வருடத்துக்கு முன்பே இப்படிச் சொல்லியிருக்கலாம். எத்தனை வாசலில் நான் வீம்புக்கு நின்றிருக்கிறேன்!

உள்ளே போய் அவள் முதலில் பேசியது யாரிடம்? அலாரத்திடம். வாதாடவில்லை. "உனக்குக் கதவு ஏன் சாத்தணும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் சொல்லவில்லையாம் அவன். பிறகு சொன்னான். காலையில் உரக்க வாசிப்பது பெரும்பாலும் அவன் முறை. அவனுக்குத் திக்கும். கதவு கிறீச்சிட்டால் எல்லாத் தலையும் திரும்பும், அவனுக்கு வரி தவறிவிடும், மறுபடி தொடங்கினால் திக்கு இரண்டு மடங்கு. எவனாவது சிரிப்பான். அதனால்தான் அவனுக்குக் கதவு. நேரம், ஒழுங்கு, சட்டத்துக்கு மரியாதை எல்லாம் மேலே போர்த்திய போர்வை.

பார்த்தாயா? ஒருத்தியை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவனையும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான்கூட அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். தாமதமாக வருகிறவர்கள் பின்கதவு வழியாக வரலாம். பின்கதவுப் பக்கம் ஒரு பாய் காலியாக இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்கதவும் துருப்பிடித்துக் கத்தும் என்று ஒருவன் மடக்கினான். "எங்க மாமா லிஃப்ட் மெக்கானிக், கிரீஸ் வைப்பாரு" என்று என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். போய் வைத்தேன். ஒரு பொடியன் பக்கத்தில் நின்று திறந்து மூடி, திறந்து மூடிச் சோதனை செய்து, "பரவால்ல" என்றான். எந்த என்ஜினியரும் என் வேலையை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜெயித்துவிட்டது. தோற்ற பக்கத்திலிருந்து எழுத வந்தது அந்தப் பல் விழுந்த வாண்டு. கதவைச் சாத்துகிற வேலை அவளிடம் இருந்ததாம், ராணி மாதிரி செய்துகொண்டிருந்தாளாம். "இனிமேல் தாமதமானால் பின்கதவில் வரலாம். யாரையும் வெளியே வைத்துச் சாத்த வேண்டாம். எனக்கு இது பிடிக்கவில்லை" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். பொய் இல்லை என்பதால் அதுவும் இருக்கிறது.

மிளகு நெட்டையிடம் ஓடிப்போய்ச் சொன்னாளாம். "நீ செஞ்சதை நீயே சரி பண்ணியிருக்க. நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாளாம் அவள். இரண்டு பேரும் இப்போது ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

பருவம் முடியப் போகிறது. பழைய இடத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். நான் பெரிய நியாயவான் மாதிரி, "உன் முடிவு என்ன, சொல்லு" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "என்னை இங்க மாத்தும்போது யார் மாமா கை தூக்கினாங்க?" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கு இங்கதான் இருக்கணும். ஆனா அம்மா ஏன் வேணாங்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க. சும்மா வேணாங்க மாட்டாங்க."

அதனால் கேட்கிறேன். இவ்வளவு கடிதத்தில் இந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை. ஏன் அக்கா?

தம்பி

*

ஆகஸ்ட் 31

தம்பிக்கு,

பயம். துடைப்பம், சீருடை, வாய்ப்பாடு எல்லாம் மேலே போர்த்தியதுதான். நீ சொன்ன போர்வை எனக்கும் உண்டு. வாயைத் திறக்கிறவளை அடிப்பார்கள். அடிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அடக்கமாக இருந்தால் அடி கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். பாவாடையைத் துவைத்த நாளில் அவள் அடக்கமாகத்தான் இருந்திருக்கிறாள். குறையவில்லையே.

இன்னொன்று சொல்கிறேன். படித்ததும் குதிக்காதே.

போன வாரம் பஸ் மறுபடி தாமதம். மறுநாள், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். சூப்பர்வைசரம்மா "சரி, போங்க" என்ற பிறகு நான் கை தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை, கை தானாக மேலே போய்விட்டது. "பஸ் கம்பெனியோடது. தாமதமானா ஏன்னு எங்ககிட்ட யாரும் கேக்கிறதில்ல. கேக்காம பூட்டுறீங்க" என்றேன். நான் நினைத்து வைத்திருந்தது இன்னும் நன்றாக இருந்தது.

அந்தம்மா கத்தவில்லை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வேற யாருக்காவது இப்படித் தோணுதா?" என்றார்கள்.

ஒரு கையும் எழும்பவில்லை. பஸ்காரியின் கைகூட. அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கும் ஊரில் சோறு போட இரண்டு வாய் இருக்கிறது.

என்னைக் கொதிகலன் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டார்கள். சூடுதான். கையில் துணி சுற்றிக்கொள்கிறேன். நீ சட்டம் பேச ஆள் தேடாதே, தேவைப்பட்டால் நானே சொல்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி நினைத்தேன், நாளைக்கு எந்த முகத்தோடு போவது என்று. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஜெயித்தவளுக்குக் கைதட்டுவார்கள். தோற்றவள் மறுநாள் எப்படி வர வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. மிளகு பையை எடுத்துக்கொண்டு நின்றாள் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன். போனேன். போக முடிந்தது.

பழைய பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிட்டேன், இடம் வேண்டாம் என்று. அவள் அங்கேயே இருக்கட்டும். எழுத்துப் பிழையை மட்டும் விடாதே. பேசத் தெரிந்தவள் பிழையில்லாமல் எழுதினால் எதிரில் இருப்பவனுக்குச் சாக்கு இருக்காது.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். போனில் கேட்க முடியாது, வரிசையில் எல்லாருக்கும் காது நீளம். மிளகிடம் நீ கேட்டு எழுது. அவள் பக்கம் முதலிலேயே சில கைகள் இருந்தன. இங்கே ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் யாரிடம் போய்ப் பேச வேண்டும்? செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடமா, கதவைப் பூட்டுகிறவளிடமா? நான் சொன்னேன் என்று சொல்லாதே, யாரோ ஒருத்தி கேட்கிறாள் என்று சொல். இல்லை, வேண்டாம். அம்மா கேட்கிறாள் என்றே சொல்.

அக்கா